சுடாத பீரங்கி

இத்தவணையின் இறுதியில் எங்கள் பாடசாலையில் கண்காட்சி ஒன்று நடைபெறவிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, யுத்தக் காட்சியொன்றைச் சிறு உருவங்களாற் பலகைமேல் அமைத்துக் காட்டப்போவதாகவும், அதற்கு நல்ல தலைப்பு ஒன்று சொல்லவேண்டுமென்றும் கேட்டான். தமிழாசிரியரிடம் தலைப்புக் கேட்பது எங்கள் பாடசாலையின் வழக்கம். விஞ்ஞான மன்றத்துக்கும் விளையாட்டுப் போட்டிக்குங்கூட நானே தலைப்பு வழங்கி வருகிறேன்.

"என்ன யுத்தம்?" என்று கேட்டேன்.

"ஏதாவதொரு யுத்தம், சேர். டாங்கி இருக்கும், ஹெலி இருக்கும்."

அவன் பிறந்தது 2011ஆம் ஆண்டில். சனிக்கிழமை வீட்டுக்கு வரும்படியும், தலைப்பைப் பிறகு பார்க்கலாமென்றும் சொல்லி அனுப்பினேன். அத்தகைய காட்சியொன்று என்னிடமே இருக்கிறது. பன்னிரண்டாவது வயதில் நான் செய்தது. இருபது வருடங்களுக்கு மேலாக அலுமாரியின் மேற்றட்டிற் கிடக்கும் அப்பலகையைப் பற்றி எழுதவேண்டுமென்ற எண்ணம் அவன் வந்து கேட்ட பின்னரே எனக்குத் தோன்றிற்று.

என் தந்தையின் தந்தையை நாங்கள் அப்பு என்றே அழைப்போம். இரண்டாவது உலக மகாயுத்த காலத்தில் அவர் இலங்கைக் காவற் பீரங்கிப் படையில் சாதாரண சிப்பாயாகத் திருகோணமலையில் இருந்தவர். ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் சில வகுப்புகள் படித்துவிட்டு, வீட்டில் நிலவிய வறுமையால் இருபது வயது நிறையுமுன்பே படையிற் சேர்ந்தார். வெள்ளைக்காரனுக்காக உயிரைக் கொடுக்கும் ஆவல் அவரிடம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. மாதச் சம்பளம் இருந்தது. ஊரார் அவரை 'ஆமிக்காரர்' என்று அழைத்த காலம் ஒன்று இருந்ததாம். எங்கள் தலைமுறைக்கு அச்சொல் வேறொன்றைக் குறிக்கத் தொடங்கிவிட்டபடியால், அப்பட்டத்தை நாங்கள் வீட்டு வாசலுக்கு வெளியே கொண்டுபோவதில்லை. அவருக்குக் கிடைத்த பதக்கம் ஆச்சியின் தையற் பெட்டியிற் பொத்தான்களோடு பொத்தானாகக் கிடந்தது.

2002ஆம் ஆண்டு பெப்ரவரியில் யுத்தநிறுத்த உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. ஏப்ரிலில் கண்டி வீதி திறந்தது. அவ்வாண்டு ஆவணியில் அப்புவுக்கு எண்பது வயது நிறைவெய்தியது. கொழும்பிலிருந்தும் உறவினர்கள் வரக்கூடியதாக இருந்த காரணத்தால், அந்நாளைப் பெரிதாகக் கொண்டாட வீட்டார் முடிவு செய்தனர். பெரியவர்கள் வேட்டி சால்வை வாங்கினார்கள். நான், அப்பு போரிட்ட போரையே அவருக்குச் செய்து கொடுப்பதென்று தீர்மானித்தேன்.

அடிப்பலகை, எங்கள் வீட்டில் உடைந்து கிடந்த கதவொன்றின் பாதி. 1995இல் நாங்கள் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது அந்த வீட்டில் முழுதாக இருந்த கதவு ஒன்றுகூட இல்லை. துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் ஒஸ்ரன்பேர்க் மேட்டைக் குளத்துக் களிமண்ணாற் பிடித்தேன். கடலுக்குச் சலவை நீலத்தைச் சுண்ணாம்பிற் கரைத்துப் பூசினேன். பூசிய அன்று அது மிக அழகாக இருந்தது. மறுநாள் வெளுத்து வெடித்து, திருகோணமலைத் துறைமுகம் வற்றிய குளம்போலாயிற்று. பின்னர் வேப்பம்பிசினைக் கலந்து பூசியபோதுதான் அது கடலாயிற்று. சீனன்குடாவில் வெள்ளையர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் ஏறக்குறைய நூறு என்று அப்பு சொல்லியிருந்தார். அவற்றுக்காகச் சந்திக் கடைகளிற் சோடா மூடிகள் பொறுக்கினேன். நாற்பதோடு பலகையில் இடம் தீர்ந்துவிட்டது. ஆட்களை முள்முருக்கங் கட்டையிற் சீவினேன். அது மெத்தென்ற மரம், பிளேட்டுக்கு வசப்படும். ஆனால் கை, கால் என்று மெலிந்து வருமிடங்களிற் பொருக்கென உடைந்துவிடும். ஆகவே என் படையில் அங்கம் இழந்தவர்கள் போருக்கு முன்னரே பலராகிவிட்டனர்.

அப்புவின் உருவத்தை மாத்திரம் மற்றவர்களிலும் அரை விரற்கடை உயரமாகச் செய்தேன். அவர் பீரங்கியின் மேல் ஒரு காலை ஊன்றி, வானத்தை நோக்கிக் கையை நீட்டி நின்றார். பக்கத்திலே வெள்ளைக்காரத் துரையொருவர் அவருக்குச் சலூட் அடித்தார். மேலே கம்பியொன்றில், சிவப்பு வட்டம் தீட்டிய யப்பானிய விமானம் தொங்கிற்று. பீரங்கியின் குழாய் அதனை நேராகக் குறிபார்த்தது.

அக்குழாய்க்கு நான் வைத்தது மெய்யான துவக்குச் சன்னம் ஒன்றின் வெற்றுக்கோது. வெறுமையாகிக் கிடந்த காவலரண் ஒன்றின் அருகிற் பொறுக்கியது. பித்தளை; புளியிட்டுத் துலக்கினேன். பலகை முழுவதிலும் அழகான பொருள் அதுவே.

அக்காலத்தில் எங்கள் சந்திகளில் வீரத்தைச் சொல்லும் படம் ஏதாவது நின்றுகொண்டே இருக்கும். தரப்புகள் மாறும், படத்தில் நிற்கிறவர் கால் ஊன்றும் விதம் மாறாது. அப்புவுக்கு நான் கொடுத்த நிலையும் அங்கிருந்தே வந்திருக்கவேண்டும். அன்று அது எனக்குத் தெரியாது.

பிறந்த நாளன்று முற்றத்துப் பந்தலிற் பலகையைக் கொண்டுவந்து வைத்து, மேலே மூடியிருந்த துணியை எடுத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். அப்பு கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். முதலில் அவர் கண்டது மேட்டையுமன்று, தன்னையுமன்று.

"உது எங்கை எடுத்தனீ?"

நான் சொன்னேன். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கோதைப் பிடுங்கினார். அதனோடு பீரங்கியின் முன்பாதியும் பெயர்ந்து வந்தது. முந்திய வருடம் என் வகுப்பு மாணவன் ஒருவன், இப்படி எதையோ பொறுக்கப்போய் மூன்று விரல்களை இழந்திருந்தான். அவர் கோதைத் தமது மடியில் முடிந்துகொண்டார். என் கன்னத்தில் அறை விழுமென்று எதிர்பார்த்தேன். அது விழாததே அழுகையை வரவழைத்தது.

நான் அழுது முடியும்வரை அவர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் துரையின் உருவத்தைத் தொட்டு, "எந்தத் துரையடா எனக்குச் சலூட் அடிச்சவன்?" என்று சிரித்தார். பந்தலில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

"மோனை, எங்கடை பீரங்கி கப்பலுக்கெண்டு வைச்சது. அது ஆகாயத்தைப் பாராது. அண்டைக்கு நாங்கள் ஒரு வெடியும் வைக்கேல்லை."

"அப்ப என்ன செய்தனீங்கள், அப்பு?"

"குப்புறக் கிடந்தனாங்கள்."

அந்நாளின் வரலாற்றைப் பின்னர் நூல்களிற் படித்திருக்கிறேன். 1942 ஏப்ரில் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, நகுமோ என்ற தளபதியின் கீழ் வந்த யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கொழும்பு தாக்கப்பட்டது. அடுத்தது திருகோணமலை என்பதை வெள்ளையர் ஊகித்துக்கொண்டனர். 8ஆம் திகதி இரவே முக்கியமான கப்பல்களைத் துறைமுகத்திலிருந்து வெளியேற்றினர். 9ஆம் திகதி காலை விமானங்கள் வந்து, துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் குண்டுகளால் தாக்கின. சீனன்குடாவிலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எழுந்து எதிர்த்தன. எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிந்தது. சகாயிங் என்ற சரக்குக் கப்பல் நின்ற இடத்திலேயே தீப்பற்றியது. 1943இல் அமிழ்த்தப்பட்ட அக்கப்பலின் உடலை 2018ஆம் ஆண்டிலேதான் இலங்கைக் கடற்படையினர் மேலே கொண்டுவந்தனர். முதனாள் இரவு தப்பிச் சென்ற ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கியும் தப்பவில்லை. மட்டக்களப்புக்கு அப்பால் அது மூழ்கடிக்கப்பட்டபோது அதன் தளத்தில் விமானம் ஒன்றேனும் இருக்கவில்லை. முந்நூறு பேருக்கு மேல் அதனோடு மாண்டனர்.

அந்நூல்களிற் கப்பல்களுக்குப் பெயர் உண்டு. தளபதிகளுக்குப் பெயர் உண்டு. அப்பு அன்று மாலை பந்தலிலிருந்து சொன்னவை எந்த நூலிலும் இல்லை. ஆறங்குலப் பீரங்கியின் குண்டு ஒன்றின் நிறை 100 இறாத்தல். அதனை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிச் சென்று குழாய்க்குள் ஏற்றும் பயிற்சியை அவர்கள் நாள்தோறும் செய்தார்கள். வருடக்கணக்கில் தூக்கியும், சுடுவதற்கு உரிய எதிரிக் கப்பல் ஒன்றையேனும் அவர் தமது கண்ணாற் காணவில்லை. அவர் கண்ட ஒரே எதிரி, அவருடைய பீரங்கியால் நிமிர்ந்து பார்க்க முடியாத உயரத்தில் வந்தான். அன்று அவர் மண்ணிலே முகத்தைப் புதைத்து, வாய்க்குள் மண் போனதுந் தெரியாமற் கிடந்தார். அருகிற் கிடந்த வெள்ளைக்காரனும் அப்படியே கிடந்தான். "அந்த ஒரு நாள்தான் நாங்கள் எல்லாரும் ஒரு உயரம்" என்றார்.

அவர் என் பலகையைக் கைவிட்டிருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். மறுநாள் விடியற்காலையில், திண்ணையில் ஒரு பிடி களிமண்ணோடு அவர் இருக்கக் கண்டேன். நான் செய்த அப்புவைப் பெயர்த்தெடுத்து, பீரங்கிக்கு அருகில் விரலால் ஒரு குழி தோண்டி, அதற்குள் குப்புறப் படுக்க வைத்தார். நீட்டிய கை இடையூறாக இருந்தது; அதை ஒடித்துவிட்டார். சலூட் அடித்த துரையும் பக்கத்திற் படுத்தார். பீரங்கிக்குப் புதிய குழாய் தேவைப்பட்டது. பழைய ரோச் பற்றரி ஒன்றை உடைத்து, அதன் நடுவிலிருந்த கரிக்கோலைத் தந்தார். அது கடலை நோக்கித் தட்டையாக நின்றது.

பிறகு, "தண்ணிக்காரன் இல்லை" என்றார்.

மேட்டிலே தண்ணீர் இல்லையாம். கீழேயிருந்து காவுதடியில் இரண்டு மண்ணெண்ணெய்த் தகரங்களைக் கட்டி, ஒருவன் நாளுக்குப் பலமுறை சுமந்து வருவான். குளிப்பதற்கும் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அவன் கொண்டுவந்த தண்ணீரே. தாமதித்தால் வெள்ளையனும் ஏசுவான், தமிழனும் ஏசுவான், சிங்களவனும் ஏசுவான். "நானும் ஏசினனான்" என்று அப்பு சொன்னார். அன்று காலை அவன் முதல் நடையைக் கொண்டு ஏறிவந்துகொண்டிருந்தான். பாதையின் நடுவில், ஒதுங்குவதற்கு ஒரு மரமும் இல்லாத இடத்தில் அவனைக் கடைசியாகக் கண்டதாக அப்பு சொன்னார். அதன் பிறகு புகை. தாக்குதல் முடிந்தபின் தகரங்களுள் ஒன்று மட்டும் பாதையோரத்திற் கிடந்தது. துறைமுகத்திற் கூலிவேலை செய்தவர்கள் பலர் அன்றே ஊரைவிட்டு ஓடிப்போயினர். அவர்களோடு ஓடினானா, செத்தானா என்பது ஒருவருக்கும் தெரியாது. அதை விசாரிக்க எவரும் மினக்கெடவுமில்லை. இரண்டு நாட்கள் மேட்டில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு. மூன்றாம் நாள் வேறொருவன் காவுதடியோடு வந்தான். அவனையும் தண்ணிக்காரன் என்றே அழைத்தார்கள்.

"அவற்றை பேரென்ன, அப்பு?"

அவர் நெடுநேரம் யோசித்தார். அறுபது வருடங்களாகியதால் மறந்துவிட்டார் என்றே முதலில் நினைத்தேன். "நாங்கள் கேக்கேல்லை" என்றார்.

அவ்வுருவத்தை அவரே செய்தார். கைநடுக்கத்தால் அது நேராக அமையவில்லை. ஒரு தோள் தாழ்ந்து, ஒரு தோள் உயர்ந்து இருந்தது. காவுதடிக்கு ஈர்க்கு வைத்து, தகரங்களுக்குச் சவர்க்காரப் பெட்டி மட்டையை வெட்டி ஒட்டினேன். மேட்டுப் பாதையின் நடுவிலே அவனை அப்பு நிறுத்தினார். அவரைப் படுக்க வைத்த இடத்திலிருந்து பார்த்தால் அவன் தெரிவான். அதை அவர் தலையைத் தரையோடு வைத்துச் சரிபார்த்தார்.

அப்பு 2007இற் காலமானார். பல்கலைக்கழகத்திற் படித்த நாட்களிலேதான், 1942 மே மாதம் கொக்கோஸ் தீவுகளில் இதே படையைச் சேர்ந்த இலங்கைச் சிப்பாய்கள் கிளர்ச்சி செய்ததையும், அவர்களுள் கிரேஷன் பெர்னாண்டோ, கார்லோ கவுடர், ஜி. பி. டி சில்வா ஆகிய மூவர் அவ்வாண்டு ஆகஸ்டிலேயே வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டதையும் அறிந்தேன். திருகோணமலை மேட்டில் அச்செய்தி எவ்வாறு பேசப்பட்டது, அல்லது பேசப்படாமல் விடப்பட்டது என்று அவரிடம் கேட்டிருப்பேன். கேட்பதற்கு அவர் இருக்கவில்லை. என் பரீட்சைக்கு அவசியமற்ற சங்கதிகளை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

எனது முதல் நியமனம் திருகோணமலைக்குக் கிடைத்தது. நிலாவெளி வீதியிலுள்ள யுத்த மயானத்துக்கு ஒரு நாள் மாலை போயிருந்தேன். புல் ஒரே அளவாக வெட்டப்பட்டு, கற்கள் வரிசை தவறாமல் நின்றன. இருபது வயதும் இருபத்திரண்டு வயதுமாக, எங்கோ குளிர்நாட்டிற் பிறந்து இந்த வெயிலில் வந்து மாண்டவர்கள். அவர்களும் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளாகவே இருந்திருப்பார்கள். அவர்களுக்குக் கல் இருப்பதைக் குறித்து எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. தண்ணிக்காரனைத் தேடலாமென்று ஒரு கணம் தோன்றிற்று. என்ன பெயரைத் தேடுவது?

சனிக்கிழமை அம்மாணவன் வந்தான். பலகையை இறக்கித் தூசு தட்டி மேசைமேல் வைத்தேன். கடல் மறுபடியும் வெளுத்துவிட்டது. சோடா மூடிகள் துருவேறி, இப்போது நிசமான எண்ணெய்த் தாங்கிகளின் நிறத்துக்கு வந்துவிட்டன. அது ஒன்றே காலத்தால் நேர்ந்த நன்மை. விமானத்தை எலி கொண்டுபோயிற்று. அவன் பீரங்கியைப் பார்த்து, ஏன் எவரும் சுடவில்லை என்று கேட்டான். பிறகு குழிக்குள் விரலை விட்டு, "சேர், இதிலை ரெண்டு பேர் விழுந்து கிடக்கினம். நிமித்தி வைக்கட்டோ?" என்றான்.

வேண்டாமென்று சொல்லி, மேலே எழுதிய யாவற்றையும் அவனுக்குச் சொன்னேன். இவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை. அவன் தண்ணிக்காரனின் தகரம் ஒன்றை நகத்தால் தட்டிப் பார்த்தான். பின்பு அவன் ஏதும் கேட்கவில்லை, தேநீர் குடித்தான்.

போகும்போது தலைப்பையுங் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் அம்மம்மாவிடம் ஒரு விடயம் கேட்கவேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனான்.