மழை பேஞ்சா நிக்கிற வண்டி

பதிவு எழுதி நாலு மாசமாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தின்னு பொய் சொல்லலாம், ஆனா நெசம் என்னன்னா சோம்பேறித்தனம்தான் :) இன்னைக்கு ஒரு வண்டிக் கதை. கூடவே கொஞ்சம் பாவமன்னிப்பும்.

எங்க ஊரு போடிநாயக்கனூர். ஊர்ல பாதிப் பேருக்குச் சோறு மலையில இருந்துதான் இறங்குது. விடியக் காலையில ஜீப்புகள் ஆள் ஏத்திக்கிட்டு முந்தல் தாண்டி போடிமெட்டு ஏறும். மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவு. மேல போனா கேரளா. பூப்பாறை, சாந்தன்பாறைன்னு ஏலத்தோட்டங்கள். பூப்பாறைப் பக்கம் மாமனார் வழியில எங்களுக்கும் ரெண்டரை ஏக்கர் உண்டு. அங்க போக வர ஒரு 2007 மாடல் டீசல் வண்டி வச்சிருக்கோம். கம்பெனி பேர் வேணாம், வம்பை எதுக்கு விலைக்கு வாங்கணும்? வண்டி ஓட்ட ஒரு தம்பி இருந்தான். இருபத்தி நாலு வயசு. சாமான், உரம், காய் மூட்டை எல்லாம் அவன் பொறுப்பு.

2023 ஐப்பசி. நல்ல அடைமழை. காய் எடுப்பு மும்முரம். ஒருநாள் பதினோராவது வளைவுல வண்டி படக்னு நின்னுபோச்சு. இருமல் இல்ல, குலுக்கல் இல்ல, சுவிட்சை அணைச்ச மாதிரி. செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகல. பின்னாடி வந்த ஜீப்காரங்க கல்லு போட்டு உதவி, ஓரமா ஒதுக்கி நிறுத்தினாங்க. மறுநாள் வெயில் அடிச்சதும் ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட்! ஒண்ணுமே நடக்காத மாதிரி நிக்குது.

அப்புறம் இதே கூத்து நாலு தடவை. மெக்கானிக்கு டீசல் பில்டர் மாத்தினார். டேங்கை இறக்கிக் கழுவினார். டீசல் பிரஷர் பாக்குற சென்சார் ஒண்ணு புதுசு போட்டார். ஒன்பதாயிரம் காலி. நாலு நாள் ஓடுச்சு, திரும்பவும் நின்னுச்சு.

தம்பி மட்டும் ஒரே பாட்டு பாடினான். "அண்ணே, மழை பேஞ்சாதான்ணே நிக்குது. வெயிலா இருந்தா நிக்கல, பாருங்க."

நான் கேட்டேனா? கேக்கல. எனக்கு அதுக்குள்ள ஒரு துப்பறியும் மூளை வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு. டீசல்ல ஏதோ கலப்படம், இவன் எங்கயோ சல்லிசா கேன்ல வாங்கி ஊத்திட்டு மீதியை ஒதுக்குறான்னு முடிவு பண்ணிட்டேன். ஆதாரம்? ஒண்ணும் இல்ல. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி, நாலு பேர் முன்னாடி வச்சு கேட்டேபுட்டேன். அவன் ஒரு வார்த்தை பேசல. சாவியை வண்டி பானெட் மேல வச்சிட்டுப் போயிட்டான். போனஸ் கேட்டுக்கூட வரல.

அதுக்கப்புறம்தான் என் கஷ்டகாலம். ஏலக்காய்ல எல்லாக் காயும் ஒரே நாள்ல பழுக்காது. ஒரே செடியில மாசத்துக்கு ஒரு தடவை மாதிரி, பதம் பாத்து எடுக்கணும். தள்ளிப் போட்டா காய் வெடிச்சு விலை போயிரும். எடுத்த காயை உடனே ஸ்டோர்ல காய வைக்கணும், நாள் கடத்த முடியாது. அஞ்சாறு கிலோ பச்சைக்காய் காஞ்சாதான் ஒரு கிலோ தேறும். வண்டி இல்லாம அந்த ரவுண்டுல கணிசமா வெடிக்க விட்டோம்.

கடைசியில தேனியில ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணன்கிட்ட வண்டியைக் கட்டி இழுத்துட்டுப் போனோம். அறுபது வயசு இருக்கும். ஸ்கேனரைச் சொருகினார், வண்டி பதில் பேசல. உடனே 'ஈசிஎம் போச்சு'ன்னு சொல்லிருவார்னு நினைச்சேன். சொல்லல.

"தம்பி, ஈசிஎம் மேல பழி போடுறது ரொம்ப ஈஸி. அது கடைசியா பாக்க வேண்டியது. மொதல்ல அதுக்குச் சோறு போகுதான்னு பாப்போம்."

எனக்கு எங்கயோ சுருக்குன்னுச்சு.

மீட்டரை எடுத்தார். பேட்டரியில இருந்து ஈசிஎம்முக்கு 12 வோல்ட் வருதா? வருது. எர்த்து சரியா? சரி. ஃபியூஸ், ரிலே? சரி. அடுத்து, சென்சாருக்கெல்லாம் ஈசிஎம் 5 வோல்ட் அனுப்பணுமாம். இங்க ரெண்டரைதான் இருந்துச்சு. ஏதாவது ஒரு சென்சார் ஷார்ட் ஆனாலும் இந்த அஞ்சு வோல்ட் விழுந்து, ஈசிஎம் செத்த மாதிரியே நடிக்குமாம். அதனால ஒவ்வொரு சென்சார் கப்ளரா கழட்டிக் கழட்டிப் பார்த்தார். எல்லாத்தையும் கழட்டின பிறகும் ஏறல. அப்புறம்தான் பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு, டேஷ்போர்டுக்குக் கீழ இருந்து அந்தப் பெட்டியை எடுத்துத் திறந்தார்.

உள்ள பச்சைக் களிம்பு. கப்ளர் பின்னு ரெண்டு மூணு அரிச்சுப் போயிருந்துச்சு. ஈரம் ஏறினா ஒண்ணோட ஒண்ணு ஷார்ட் ஆகும், காஞ்சா விட்டுரும். அதான் மழையில நின்னு வெயில்ல ஓடுச்சு. இப்ப முழுசாவே போயிருச்சு.

புதுசு விசாரிச்சா ஐம்பதாயிரத்துக்கு மேல, அதுவும் எப்ப வரும்னு தெரியாது. பழசுதான் வழி. போடிக்கு ரயில் நின்னு, அகலப்பாதை வேலை பன்னெண்டு வருசத்துக்கு மேல இழுத்து, 2023 ஜூன் 15ல இருந்துதான் சென்னைக்கு நேரா வண்டி விட்டாங்க. அதுல ஏறி புதுப்பேட்டை போனேன். பெட்டி ஒரே மாதிரி இருந்தா பத்தாது, ஸ்டிக்கர்ல இருக்கிற ஹார்டுவேர், சாப்ட்வேர் நம்பர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும்னு அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். ஏழு கடை ஏறி இறங்கி பதினாலாயிரத்துக்கு ஒண்ணு கிடைச்சுது.

மாட்டினா ஸ்டார்ட் ஆகல! அவ்வ்வ்.... எனக்கு அழுகையே வந்துருச்சு. அண்ணன் சிரிக்கிறார். சாவிக்குள்ள ஒரு குட்டிச் சில்லு இருக்கு, அதோட ரகசிய நம்பர் பழைய ஈசிஎம்ல பதிஞ்சிருக்கு. புது மூளைக்கு எங்க சாவி யாருன்னே தெரியாது. திருட்டு வண்டின்னு நினைச்சு டீசலை விடாது. பழைய போர்டுல எட்டுக் கால் உள்ள ஒரு சின்ன சிப்பு இருந்துச்சு. களிம்பு அதைத் தொடல, எங்க அதிர்ஷ்டம். அதை எடுத்து, உள்ள இருந்த தகவலைக் கம்ப்யூட்டர்ல படிச்சு, வாங்கின போர்டு சிப்புல ஏத்தினார். சாவி நம்பர் அதோட வந்துருச்சு.

அடுத்து நாலு இன்ஜெக்டர் தலையிலயும் பொடி எழுத்துல இருந்த கோடைப் பார்த்து, ஸ்கேனர்ல ஏறியிருக்கிறதோட ஒப்பிட்டார். இந்த காமன் ரெயில் என்ஜின்ல டீசல் 1000 பாருக்கு மேல பிரஷர்ல நிக்கும். நம்ம டயர்ல இருக்கிறது சுமாரா 2 பார், பாத்துக்கங்க. அந்த வேகத்துல ஒரு இன்ஜெக்டர் துளி கூடவும் இன்னொண்ணு துளி குறைவாவும் பீச்சும். எது எப்படின்னு பேக்டரியில அளந்து கோடா அடிச்சிருப்பாங்க. அது தப்பா இருந்தா வண்டி ஓடும், ஆனா தட்டும், புகையும், மைலேஜ் போகும்.

செல்ஃப். ஸ்டார்ட்! நான் கைதட்டியே விட்டேன்.

"பழைய மெக்கானிக்கல் பம்பு ஜீப்புக்கு இந்தக் கொடுமையே இல்லையேண்ணே"ன்னு புலம்பினேன். "நெசம்தான். ஸ்பேனர் இருந்தா போதும், தள்ளிக்கூட ஸ்டார்ட் பண்ணலாம். ஆனா அது கக்குற புகையை மறந்துட்டீங்களா?"ன்னார். அதுவும் சரிதான். 1997ல ஆல்ஃபா ரோமியோ 156ல பாஷ் கம்பெனியோட காமன் ரெயில் வந்தப்புறம்தான் டீசலைச் சொட்டுக் கணக்குல அளந்து விடுறது கார்ல சாத்தியமாச்சு. நம்ம ஊர்லயும் 2010ல பாரத் ஸ்டேஜ் 3, 2017ல 4, 2020ல நேரா 6ன்னு புகைக் கணக்கு இறுகிட்டே வந்துச்சு. கம்ப்யூட்டர் இல்லாம இனி நடக்காது.

கிளம்பப் போனேன். அண்ணன் விடல. "நில்லுங்க. தண்ணி எப்படி உள்ள வந்துச்சு? அதை அடைக்காம போனா இதுவும் அடுத்த ஐப்பசியில சாகும்."

டார்ச் அடிச்சுத் தேடினார். என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகரத்துல, வயர் போற ரப்பரைக் கிழிச்சு யாரோ ஒரு தடிச்ச கறுப்பு வயரைச் சொருகியிருந்தாங்க. மழைத்தண்ணி அந்த வயரைப் பிடிச்சே உள்ள வழிஞ்சு, நேரா ஈசிஎம் கப்ளர் மேல சொட்டியிருக்கு. "எந்தப் புண்ணியவான் வேலை இது?"

ஃபாக் லைட் வயர்.

போன சித்திரையில, யூடியூப் பாத்து, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், மெட்டுல மேகம் இறங்குனா ரோடு தெரியலன்னு, நானே மாட்டினது.

வாயைத் திறக்கல நான். அண்ணன் ரப்பரை மாத்தினார். வயரை உள்ள நுழையிறதுக்கு முன்னாடி 'ப' வைத் தலைகீழாப் போட்ட மாதிரி... இல்ல இல்ல, ஊஞ்சல் மாதிரி கீழ தொங்கவிட்டு அப்புறம் மேல ஏத்தினார். தண்ணி அந்தத் தொங்கல்லயே சொட்டிரும், உள்ள ஏறாது. அம்பது ரூபா வேலை.

அன்னைக்கு ராத்திரி தம்பிக்குப் போன் போட்டேன். மூணாவது தடவைதான் எடுத்தான். எல்லாத்தையும் சொன்னேன். ஃபாக் லைட்டையும். தப்பு என்னோடது, உன்னைச் சொன்னது பெரிய தப்புன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"மழை பேஞ்சாதான் நிக்குதுன்னு சொன்னேன்லண்ணே."

"ஆமாப்பா. சொன்ன."

"அப்ப ரப்பர் மாத்தியாச்சா?"

அவ்வளவுதான் கேட்டான். திரும்ப வேலைக்கு வரல. வேற ஒருத்தர் தோட்டத்துல ஜீப் ஓட்டுறான். போனஸை அவங்க அம்மா கையில கொடுத்துட்டு வந்தேன். வாங்கிக்கிட்டாங்க, காபி குடிங்கன்னு சொல்லல. நாலு பேர் முன்னாடி கேட்டதை நாலு பேர் முன்னாடிதான் திருப்பி எடுக்கணும்னு, அந்த நாலு பேரையும் தேடிப் போயி சொன்னேன். ஒருத்தர் "அதான் எனக்கு அப்பவே தெரியுமே"ன்னார். தெரிஞ்சா அப்பவே சொல்லியிருக்கலாம்ல?

இப்பவும் வளைவுல எதிர்ல வந்தா லைட் அடிச்சுட்டுப் போவான். ஹாரன் அடிக்க மாட்டான். போகப்போக அதுவும் வரும்னு நினைக்கிறேன்.

டிஸ்கி: வண்டியில வெல்டிங் வைக்கிறதுக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டுங்க, ஈசிஎம்மையும் கழட்டிட்டா இன்னும் நல்லது. எக்ஸ்ட்ரா லைட்டு மாட்டணும்னா தெரிஞ்சவங்ககிட்ட விடுங்க. முக்கியமா, வண்டி ஓட்டுறவன் சொல்றதை முழுசா காதுல வாங்குங்க மக்களே. அதுக்கு ஸ்கேனர் தேவையில்ல.