அரசு மடிக்கணினிக்கு ஒரு எஸ்எஸ்டி

அக்டோபர் 5, 2025, ஞாயிறு

அக்கா மகள் உறையூரிலிருந்து மடிக்கணினியோடு வந்து இறங்கினாள். பிளஸ் டூ முடித்தபோது, 2019-இல், அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. "மாமா, ஆன் பண்ணிட்டுக் குளிச்சுட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு" என்றாள். நவம்பர் 15, 16 தேதிகளில் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு. பி.எட். காலத்துக் குறிப்புகள், மாதிரி வினாத்தாள்கள் எல்லாம் இதற்குள்தான். புதிது வாங்கும் நிலையில் அந்த வீடு இல்லை.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். ஹார்டு டிஸ்க்குக்கு மஞ்சள் எச்சரிக்கை. கெட்டுப்போன செக்டர்களுக்குப் பதிலாக மாற்று செக்டர் ஒதுக்கிய கணக்கு ஏறிக்கொண்டே போகிறது என்று அர்த்தம். மற்ற பேச்செல்லாம் அப்புறம். முதலில் அவள் ஃபைல்கள் முழுவதையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்தோம். ராத்திரி வரை ஆயிற்று.

அக்டோபர் 6, திங்கள்

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எந்த எஸ்எஸ்டி பொருந்தும் என்று பார்க்கச் சாயங்காலம் பின்மூடியைத் திறந்தேன். ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளமில்லை. ஒரு தாளில் மூடியின் படத்தை வரைந்து, எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே வைத்துக்கொண்டேன். முதல் வேலையாக பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டேன்.

உள்ளே தகரச் சட்டத்துக்குள் 2.5 அங்குல ஹார்டு டிஸ்க், தடிமன் 7 மி.மீ. ஸ்டிக்கரில் 500 ஜிபி, 5400 ஆர்பிஎம், சாட்டா 6 ஜிகாபிட். இந்த மூன்று வரிதான் எனக்கு வேண்டியிருந்தது. பக்கத்தில் சின்ன ஸ்லாட் ஒன்றில் வைஃபை கார்டு இருக்கிறது. பார்வைக்கு எம்.2 எஸ்எஸ்டி ஸ்லாட் போலவே இருக்கும். ஆனால் அது 'இ' வகை. என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு 'எம்' வகை வேண்டும், வெட்டு இருக்கும் இடமே வேறு. இந்த மாடலில் எஸ்எஸ்டிக்கென்று தனி எம்.2 ஸ்லாட் கிடையாது. ஆக, 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றுதான் வழி.

அக்டோபர் 11, சனி

தீபாவளிக் கூட்டம். சத்திரம் பேருந்து நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. தில்லை நகரில் ஒரு கடைக்குப் போனோம். அவள் கேட்ட முதல் கேள்வி, "இருக்கிறதுலயே வேகமானது எது அண்ணா?" கடைத் தம்பி சூயிங்கம் பட்டை மாதிரி இருந்த ஒரு நான்காம் தலைமுறை என்விஎம்இ எஸ்எஸ்டியை எடுத்து வைத்தார். பெட்டியில் வினாடிக்கு 7,000 எம்பி என்று போட்டிருந்தது. பொருள் நல்லதுதான், ஆனால் இந்த மடிக்கணினியில் அதைச் செருக இடமே இல்லை.

சாட்டாவில் வினாடிக்கு ஏறக்குறைய 550 எம்பியோடு முடிந்துவிடும். அவள் முகம் வாடியது. நிஜ வித்தியாசம் அந்த எண்ணில் இல்லை என்று எடுத்துச் சொன்னேன். பழைய டிஸ்க்கில் தட்டு சுழன்று, ஊசி நகர்ந்து, உரிய இடத்தைப் பிடிக்கவே பத்து மில்லி வினாடிக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை, ஒரு மில்லி வினாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி எடுக்கிறது. நேரம் தின்பது அந்தத் தேடல். அதனால் சாட்டா எஸ்எஸ்டியே இவளுக்குத் தாராளம்.

பக்கத்தில் நின்ற ஒருவர் ஆன்லைனில் வாங்கிய என்விஎம்இயைத் திருப்பிக்கொடுக்க முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவருடைய மடிக்கணினி 2242 அளவுக்கானது, அதாவது 22 மி.மீ. அகலம், 42 மி.மீ. நீளம். அவர் கையில் இருந்ததோ 2280. எண்பது மி.மீ. பட்டை அங்கே எப்படிப் படுக்கும்? இன்னொரு சிக்கலும் உண்டு: எம்.2 வடிவத்திலேயே சாட்டாவும் வரும், என்விஎம்இயும் வரும். இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. ஆனால் விதிவிலக்குகள் இருப்பதால் லேபிளைப் படிக்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

480 ஜிபியா, 500 ஜிபியா என்று வந்தபோது 500-ஐ எடுக்கச் சொன்னேன். பழைய 500 ஜிபி டிஸ்க்கை அப்படியே குளோன் செய்ய நினைத்தால் புதியது அதைவிட ஒரு பைட்கூடக் குறையக் கூடாது. குளோன் செய்யும் மென்பொருளான குளோன்ஜில்லா அந்த இடத்திலேயே நின்றுவிடும். பார்டிஷனைச் சுருக்கிச் செய்யலாம்தான், ஆனால் சாகக் கிடக்கிற டிஸ்க்கை வைத்துக்கொண்டு அந்த வேலை வேண்டாம்.

ஆயுளைப் பற்றி அவளுக்குப் பயம், "எழுத எழுதத் தேஞ்சிடுமாமே?" தேயும்தான். சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு உத்தரவாதம் 5 வருடம் அல்லது 300 டிபி எழுதும் வரை. தினம் 20 ஜிபி எழுதினாலும் 300 டிபி முடிய நாற்பது வருடம் ஆகும். டெட் படிக்கிற பெண்ணுக்கு இது ஒரு கவலையே இல்லை. அதையே வாங்கினோம். பெயர் தெரியாத கம்பெனியின் 2 டிபியைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் தொடவே கூடாது. உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்து, கணினிக்கு மட்டும் பெரிய எண்ணைக் காட்டும் போலிகள் சந்தையில் இருக்கின்றன.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்றோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிகிறது. இந்த மடிக்கணினியின் பிராசசர் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. நன்றாக ஓடும் மதர்போர்டை மென்பொருள் காரணமாகக் குப்பையில் போடுவது எனக்குச் சம்மதமில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடலாம் என்று முடிவு. 2011-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோதே சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்தேதான் வந்தன. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் அந்நியமில்லை.

அக்டோபர் 18, சனி

ஐப்பசி பிறந்துவிட்டது. காலையில் அம்மா மண்டபத்திலிருந்து பெருமாளுக்கு யானைமேல் தங்கக் குடத்தில் காவிரித் தீர்த்தம் போனதைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தோம்.

பழைய டிஸ்க்கைச் சட்டத்திலிருந்து பிரித்து, அதே நான்கு ஸ்க்ரூவால் எஸ்எஸ்டியைப் பொருத்தினேன். 7 மி.மீ. போன இடத்தில் 7 மி.மீ. சரியாக உட்கார்ந்தது. பயாஸில் ஏஹெச்சிஐ முறை இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொண்டேன். லினக்ஸ் மின்ட்டை நிறுவி ஆன் செய்ததும் அரை நிமிடத்துக்குள் டெஸ்க்டாப் வந்துவிட்டது. தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக் கொடுத்ததும் அவள் தட்டிய முதல் சொல் 'உளவியல்'. அதுதான் அவளுக்குப் பாரமான பாடம். 4 ஜிபி ரேம்தான், பிரௌசரில் நிறைய டேப் திறக்காதே என்று சொல்லி அனுப்பினேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

லால்குடியிலிருந்து அவள் தோழி போன் செய்தாள். "அவளுக்கு வாங்கினதையே நானும் வாங்கிடவா மாமா? எனக்கும் கவர்மென்ட் லேப்டாப்தான்." அது மட்டும் போதாதும்மா என்றேன். இத்தனை வருடத்தில் ஏசர், எச்சிஎல், லெனோவோ என்று பல கம்பெனிகள் கொடுத்திருக்கின்றன, வருடத்துக்கு வருடம் உள்ளமைப்பு மாறும். சில பழைய மாடலில் டிஸ்க் 9.5 மி.மீ. இருக்கும். 7 மி.மீ. எஸ்எஸ்டி அதில் ஆடும், கூடவே ஒரு பிளாஸ்டிக் சட்டம் வேண்டும். அடியிலுள்ள மாடல் எண்ணையும், திறந்தபின் டிஸ்க்கின் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அவை இரண்டும் வரும் வரை ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.