கப்பை முதலில், கள் பிறகு

ஆலப்புழையிலிருந்து சங்கனாச்சேரிக்கு 24 கிலோமீட்டர். குட்டநாட்டின் குறுக்கே போகிறது சாலை. இரு பக்கமும் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நெல்வயல்கள், வாய்க்கால்கள், வாத்துக் கூட்டங்கள். நடுநடுவே கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஒரே வார்த்தை: ‘கள்ளு’. கேரளத்துக் கள்ளுக்கடைக்கு அதுதான் அடையாளம்.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அதனால் நம்மூரிலிருந்து டூர் போகிறவர்கள் கொஞ்சம் கூச்சத்தோடுதான் எட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே போனால் மசாலா வாசனை! கள்ளைத் தொடாமல், சாப்பாட்டுக்காகவே வரும் குடும்பங்களும் உண்டு. தேங்காய் சேர்த்து மசித்த கப்பை (நம் மரவள்ளிக்கிழங்குதான்), குடம்புளி போட்ட சிவப்பு மீன்கறி, வாழையிலையில் பொள்ளித்த கரிமீன், மிளகு தூக்கலான வாத்து ரோஸ்ட், கக்கா இறைச்சி. காரம் கண்ணில் நீரை வரவழைக்கும்.

கள்ளுக்கு அவசரம் அதிகம். மரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது இனிக்கும். பொழுது ஏற ஏற புளிப்பும் போதையும் கூடும்.

“கப்பை வயிற்றில் இருந்தால் கள்ளை உறிஞ்சிக்கொள்ளும்” என்று சொல்பவர்கள் உண்டு. பலன் உண்மை, காரணம் வேறு. கிழங்கு பஞ்சு போல எதையும் உறிஞ்சுவதில்லை. ஆல்கஹாலுக்குச் செரிமானம் தேவையில்லை. இரைப்பையில் கொஞ்சம், சிறுகுடலில் பெரும்பகுதி என நேராக ரத்தத்தில் கலந்துவிடும். வெறும் வயிறு என்றால் மடமடவென்று குடலுக்கு இறங்கி, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் போதை உச்சத்துக்குப் போய்விடும். சாப்பாடு இருந்தால் கதை மாறுகிறது. இரைப்பையின் அடிவாசல் சோற்றையும் மீனையும் அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கீழே அனுப்பும். ஆல்கஹாலும் அந்த வரிசையில் நிற்க வேண்டியதுதான். காத்திருக்கும் நேரத்தில் இரைப்பைச் சுவரில் உள்ள என்சைம் ஒரு பங்கைச் சிதைத்தும்விடுகிறது. உச்சம் தாமதமாகிறது, உயரமும் குறைகிறது.

வம்பு இந்தத் தாமதத்தில்தான். வாத்துக் கறியோடு இரண்டு குப்பி உள்ளே போயிருக்கும். தலை தெளிவாகவே இருப்பதாகத் தோன்றும். ‘ஒண்ணுமே ஏறலையே’ என்று மூன்றாவது வரும். காரமும் உப்பும் தாகத்தைக் கிளப்பிவிட, நான்காவதற்கும் கை நீளும். பில் கொடுத்து, சாவியை எடுக்கும்போதும் நிதானம் இருக்கும். வரிசையில் நின்றதெல்லாம் ரத்தத்தில் வந்து சேரும்போது ஆள் பாலத்தின் மேல் வண்டியில் இருப்பார். ஒரு பக்கம் வாய்க்கால், எதிரே பஸ்.

சட்டம் வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், வண்டி ஓட்டியது குற்றம். உடல் எடை குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் அதே அளவு கள்ளே ரத்தத்தில் கூடுதலாகக் காட்டும். உடலில் நீரின் அளவு குறைவு என்பது ஒரு காரணம்.

குடித்து முடித்த பிறகு வயிறு முட்டச் சாப்பிடுவது, மோர், எலுமிச்சைச் சாறு, கட்டங்காப்பி எல்லாம் வாய்க்கு ஆறுதல், அவ்வளவே. ரத்தத்தில் ஏறியதை ஈரல்தான் இறக்க வேண்டும். அது தன் வேகத்தில்தான் வேலை செய்யும், மணிக்கணக்காகும். அதுவரை நேரம் போக்க குட்டநாட்டில் வழியா இல்லை? கடையை ஒட்டிய படித்துறையில் உட்கார்ந்தால், வாய்க்காலை அடைத்துக்கொண்டு வாத்துகள் வீடு திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.