சுவரைச் சுற்றி வந்த சொல்



சேர்வராயன் மலையடிவாரத்தில் உள்ள எங்கள் பாப்பிரெட்டிப்பட்டி வீட்டில், அத்தா நோயுற்றுப் படுக்கையில் இருந்த காலம் அது. ஒருநாள் இரவு நானும் தம்பியும் திண்ணையில் அமர்ந்து மருத்துவச் செலவைப் பற்றிப் பேசினோம். "இன்னும் எத்தனை நாளைக்குத்தான் இப்படிச் சமாளிப்பது?" என்று சலிப்புடன் கூறிவிட்டேன். இடையே கனத்த சுவர். அத்தாவின் கட்டிலோ கதவுக்கு நேராக இல்லை. அவர் கண்ணில் படாத நாங்கள், காதிலும் விழமாட்டோம் என எண்ணினோம்.

மறுநாள் மருந்தை நீட்டியபோது அத்தா, "இது போதும்ப்பா, இனி வாங்க வேண்டாம்" என்றார். என் உள்ளம் நடுங்கிவிட்டது.

ஒலியும் ஒளியும் அலைகளே. தடையின் விளிம்பிலே அலை வளைந்து மறுபுறம் பரவுவதை 'விளிம்பு விளைவு' என்பர். இடைவெளியைவிட அலைநீளம் பெரிதானால் வளைவும் மிகும். காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. வினாடிக்கு 170 முறை அதிரும் ஆண்குரலின் அலைநீளம் 2 மீட்டர். ஒரு மீட்டர் அகலமுள்ள வாசல் வழியே அது நுழைந்து அறையெங்கும் விரிந்துவிடும். சுவர்களின் எதிரொலியும் அதற்குத் துணை. பாறைக்கு மறுபுறம் மாட்டை அதட்டுபவரின் குரல் நமக்குக் கேட்பதும் இவ்வாறே.

ஒளியின் அலைநீளமோ மில்லிமீட்டரில் ஏறத்தாழ 2000-ல் ஒரு பங்கு. ஆகவேதான் அது சுவரிடம் தோற்று நிழலை விடுகிறது. எனினும் நுண்ணிய தடைகளில் அதுவும் வளையும். மெல்லிய மேகத்தின் நீர்த்துளிகளால் நிலவை ஒட்டித் தோன்றும் வண்ண வளையம் அதற்குச் சான்று. இத்தாலியரான கிரிமால்டியின் ஆய்வு நூல் 1665-ல் இவ்விளைவை உலகுக்கு அறிவித்தது. சென்னை மாநிலக் கல்லூரி மாணவராயிருந்த சி.வி. இராமன், 1906-ல் வெளியிட்ட முதல் ஆய்வுக் கட்டுரையும் செவ்வகத் துளையில் ஒளி வளைவதைப் பற்றியதே!

பாடத்தில் படித்திருந்தும் என் வீட்டு வாசலில் அதை மறந்தேன். அத்தாவின் கரம்பற்றி மன்னிப்புக் கேட்டேன். "நீ சொன்னதில் பொய் இல்லை. கொஞ்சம் தள்ளிப்போய்ப் பேசியிருக்கலாம்" என்றார். பின்னர் மருந்தை வாங்கி அருந்தினார்.

அத்தா இன்று நம்மிடையே இல்லை. வாசகர்களே! நோயாளி இருக்கும் இல்லத்தில் சுவரை நம்பிப் பேசாதீர்கள். நம் முகம் சென்று சேராத மூலைக்கும் நம் சொல் சென்றுவிடும்.