விதையோடு நடந்த குடும்பங்கள்

கொன்யா என்றதும் மௌலானா ஜலாலுத்தீன் ரூமி (ரஹ்) அவர்கள் அடக்கம் பெற்றிருக்கும் துருக்கி நகரமே நம் சகோதரிகள் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்நகருக்குத் தென்கிழக்கே, கொன்யாச் சமவெளியில், சத்தல்ஹூயூக் என்னும் மண்மேடு ஒன்று உண்டு. பார்வைக்குச் சாதாரண மேடுதான். ஆனால் ஐரோப்பியரின் உணவு மேசைக்கு ரொட்டி எப்படி வந்தது என்று அறிய விரும்புபவர், இத்தகைய ஊர்களிலிருந்துதான் தம் பயணத்தைத் தொடங்க வேண்டும்.

1961ஆம் ஆண்டு முதல் தோண்டப்பட்ட இம்மேட்டினுள் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முந்திய ஊர் புதைந்திருந்தது. வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கூரைத் துவாரத்தின் வழியே ஏணியில் இறங்கித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். அதே துவாரத்தினூடே அடுப்புப் புகையும் வெளியேறியது. கோதுமை, பார்லி, பருப்பு, பட்டாணி பயிரிட்டார்கள், ஆடு வளர்த்தார்கள்.

அனாதோலியா எனப்படும் இப்பகுதியில் இத்தகைய ஊர்கள் பல இருந்தன. கி.மு. 6500 அளவில் ஏஜியன் கடலுக்கு அப்பால் கிரேக்க நாட்டிலும் விவசாயம் வேரூன்றிவிட்டது. அங்கிருந்து இரண்டு வழிகள் பிரிந்தன. ஒன்று மத்தியதரைக் கடலோரமாக, ஓடங்களில், ஸ்பெயின் வரை சென்றது. அவ்வழி சென்றோர் ஈரமான மட்பாண்டங்களில் சிப்பி ஓட்டின் விளிம்பை அழுத்திக் கோலமிட்டார்கள். மற்றையது பால்கன் பள்ளத்தாக்குகளைக் கடந்து, டான்யூப் நதியைப் பற்றிக்கொண்டு, கி.மு. 5500 அளவில் மத்திய ஐரோப்பாவை அடைந்தது. பிரித்தானியத் தீவுகளை விதை எட்டியது கி.மு. 4000 அளவில்தான்.

இதன் வேகம் சராசரியாக ஆண்டுக்கு 1 கிலோமீற்றர் என அமர்மன், கவல்லி ஸ்போர்ஸா என்ற இரு அறிஞர்கள் 1971இல் கணக்கிட்டார்கள். நடந்து சென்றது மனிதர்களா, அல்லது பயிர்செய்யும் அறிவு மட்டும் ஊர் ஊராகக் கைமாறியதா என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. பழைய எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்தபோது விடை தெளிந்தது. ஐரோப்பாவின் முதல் விவசாயிகளில் பெரும்பாலோர் அனாதோலியாப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களே.

வந்தவர்களை அங்கிருந்தவர்கள் எப்படி ஏற்றார்கள்? இதற்கு விடை தேடி, இன்றைய சேர்பியாவில் டான்யூப் ஓரமாக உள்ள லெபென்ஸ்கி வீர் என்ற இடத்துக்குப் போக வேண்டும். மலைகள் நதியை நெருக்கும் அந்த இடத்தில் மீன்பிடித்து வாழ்ந்த மக்கள், மீன் முகமுள்ள கற்சிலைகளைத் தம் வீடுகளுக்குள் வைத்திருந்தார்கள். 1960களில் அகழ்வு நடந்துகொண்டிருக்கையில் அணைக்கட்டின் நீர்மட்டம் உயர இருந்ததால், அவ்வீடுகளின் தளங்களைப் பெயர்த்து ஏறத்தாழ 30 மீற்றர் மேலே கொண்டுபோய் வைத்தார்கள்.

அங்கே அடக்கப்பட்டவர்களின் பற்களை ஆராய்ந்த அறிஞர்கள் ஓர் உண்மையைக் கண்டார்கள். கி.மு. 6200க்குப் பின் அடக்கப்பட்டவர்களில், வேற்றிடத்தில் பிறந்து வளர்ந்தோர் தொகை கூடுகிறது. அவர்களில் பெண்களே அதிகம். விவசாயக் கிராமங்களிலிருந்து மீனவர் வீடுகளுக்கு வாழ வந்த மணப்பெண்களாக அவர்கள் இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

எங்கும் இப்படிச் சுமுகமாக முடியவில்லை. ஜெர்மனியின் தால்ஹைமில் 1983இல் கண்டெடுக்கப்பட்ட குழியொன்றில், ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் கொல்லப்பட்ட 34 பேர் கிடந்தார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் சிறுவர்கள். கொன்றவர்களும் விவசாயிகளே என்று கருதப்படுகிறது. நிலமும் களஞ்சியமும் வந்த இடத்தில் சண்டையும் வந்துவிட்டது.

இனி, சகோதரிகள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி. மத்திய ஐரோப்பாவின் அக்காலப் பெண்களின் கை எலும்புகளை கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அளந்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். இன்று படகோட்டப் பயிற்சி பெற்ற வீராங்கனைகளின் எலும்பைவிட அப்பெண்களின் மேற்கை எலும்பு 11 முதல் 16 சதவீதம் வலுவானதாக இருந்தது. நிலம் கொத்தியதும் அறுவடை செய்ததும் இரு கைகளாலும் கல்லைத் தள்ளித் தானியம் அரைத்ததுமே அந்த வலுவுக்குக் காரணமாகலாம் என்கிறார்கள்.

அம்மியில் அரைத்துக் கை கடுத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எழுத்து வந்திராத அக்காலத்தில் அப்பெண்களின் பெயரை எழுதிவைக்க யாருமில்லை. ஆயினும் ஒரு கண்டத்துக்கே உணவு கொடுத்த உழைப்பில் அவர்களுக்கு இருந்த பங்கை, அவர்களுடைய கை எலும்புகளே இன்று எடுத்துச் சொல்கின்றன.