நொய்கெல்னுக்குள் இருக்கும் நாலு கிராமங்கள்

பேர்லின் முருகன் கோயிலில் திருவிழா என்றால் வேறு நகரங்களிலிருந்தும் சனம் வரும். பிளாஷ்கோ அலே தெருவில் கார் விட இடம் தேடி இரண்டு சுற்றுச் சுற்றுவார்கள். சுவாமி கும்பிட்டு, அன்னதானம் முடித்து, பொழுதுபடுவதற்குள் நெடுஞ்சாலை ஏறிவிடுவார்கள். கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த குடியிருப்பு ஒன்று இருக்கிறது. பார்த்தீர்களா என்று கேட்டால், "எதை அண்ணை?" என்கிறார்கள்.

கோயில் இருக்கிற இந்த நொய்கெல்ன் பகுதி என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது தொலைக்காட்சிதான். 2022 முடிந்து 2023 பிறந்த இரவில் இங்குள்ள சொன்னன் அலே தெருவில் பஸ் எரிந்த காட்சியை உலகம் முழுக்கக் காட்டினார்கள். கனடாவிலிருந்து அக்கா அன்றைக்கே தொலைபேசி எடுத்து, "உங்க இருக்கிறது பயமில்லையோ?" என்று கேட்டா. இங்கே வந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஊரைப் பற்றி யாராவது ஒருவர் ஒழுங்காகத் தமிழில் எழுத வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

இன்றைய நொய்கெல்ன் பகுதி முன்பு ரிக்ஸ்டோர்ஃப், பிரிட்ஸ், புக்கோ, ரூடோ என்று நாலு கிராமங்கள். நாலும் பேர்லினுக்குத் தெற்கே கிடந்த தெல்டோ என்ற நாட்டுப்புற மாவட்டத்தில் இருந்தவை. ரிக்ஸ்டோர்ஃப் 1899 இல் நகரமாகி மாவட்டத்திலிருந்து பிரிந்தது, 1912 இல் நொய்கெல்ன் என்று பெயர் மாறியது, 1920 இல் மற்ற மூன்றோடும் பேர்லினுக்குள் வந்தது. நிர்வாகக் கதை இவ்வளவுதான். பெயரை ஏன் மாற்றினார்கள் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். ரிக்ஸ்டோர்ஃப் என்றால் குடியும் ஆட்டமும் என்று பேர்லின்காரர் பாட்டுக் கட்டியிருந்தார்கள். அந்தக் கெட்ட பெயரைத் தொலைக்கத்தான் புதுப் பெயர் வைத்தார்கள். நூறு ஆண்டுகள் கழித்து அந்தப் புதுப் பெயருக்கும் அதே கதி வந்திருக்கிறது.

ரிக்ஸ்டோர்ஃபின் நடு, ரிச்சார்ட்பிளாட்ஸ். கார்ல் மார்க்ஸ் தெருவின் இரைச்சலிலிருந்து இரண்டு திருப்பம் திரும்பினால் காலடியில் கருங்கல் பாவிய தெரு, தாழ்ந்த கூரைகள், மரங்கள். ஒரு ஓரத்தில் 15ஆம் நூற்றாண்டுக் கிராமத் தேவாலயம். சதுக்கத்தின் நடுவில் ஒரு கொல்லன் பட்டறை. இந்த இடத்தில் இரும்படித்த வரலாறு 17ஆம் நூற்றாண்டு வரை போகிறது. ஒரு மழைநாள் கதவு திறந்திருக்க வாசலில் நின்று பார்த்தேன். உலையிலிருந்து எடுத்த இரும்பு செம்மஞ்சளாக இருந்தது. நாலு அடியில் சிவந்தது, இன்னும் ஐந்தாறு அடியில் கறுத்தது, திரும்ப உலைக்குப் போனது. கத்தி அடித்துக்கொண்டிருந்தார்கள். கரிப்புகையும் ஈர இரும்பும் கலந்த அந்த மணம், எங்கள் ஊரில் மண்வெட்டி தோய்க்கக் கொடுத்துவிட்டு அப்பாவோடு காத்திருந்த பட்டறையின் அதே மணம்.

சதுக்கத்தைத் தாண்டினால் ரிச்சார்ட் தெரு. அதுவும் அதை ஒட்டிய கிர்ஷ்காசே சந்தும்தான் பொஹீமியக் கிராமம். இங்கே நான் கொஞ்சம் நிற்கிறேன்.

இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதியான பொஹீமியாவில், யான் ஹுஸ் வழிவந்த சீர்திருத்தக் கிறித்தவர்கள் 1620 ஆம் ஆண்டுப் போரில் தோற்ற பிறகு ஹாப்ஸ்பேர்க் ஆட்சியில் மதம் மாறும்படி நெருக்கப்பட்டார்கள். மாறாதவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒளிந்து வழிபட்டார்கள். முடியாதபோது இரவோடு இரவாக எல்லை கடந்தார்கள். முதலில் சாக்சனியில் ஒதுங்கினார்கள். அங்கும் நிலைக்க முடியாமல் வந்தவர்களில் 18 குடும்பங்களுக்கு, 1737 இல் பிரஷ்ய மன்னர் முதலாம் பிரெடரிக் வில்லியம் இந்த ரிக்ஸ்டோர்ஃபில் நிலம் கொடுத்தார். இரண்டு குடும்பத்துக்கு ஒரு வீடாக ஒன்பது இரட்டை வீடுகள் கட்டிக் கொடுத்தார். மன்னருக்கும் உழவரும் நெசவாளரும் தேவைப்பட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் வந்த அகதிக்கு வீடும் வயலும் வழிபாட்டு உரிமையும் சேர்த்துக் கொடுத்ததை நான் சிறிதாக நினைக்க மாட்டேன். நான் 1984 இல் வந்தேன். கிழக்கு பேர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ் தெரு நிலையம் வழியாக ரயிலில் மேற்குக்கு வந்த எத்தனையோ தமிழ்ப் பொடியன்களில் ஒருவன். ஹைம் என்ற அகதி விடுதியில் நாலு பேருக்கு ஒரு அறை. வேலை செய்ய அனுமதி வரும்வரை காத்திருந்த காலம் எனக்குத் தெரியும்.

அந்த மன்னருக்கு 1912 இல், அதாவது 175 ஆண்டுகள் கழித்து, வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நன்றிக்கடனாக வைத்த சிலை கிர்ஷ்காசேயில் நிற்கிறது. அதே சந்திலுள்ள பழைய பள்ளிக்கூடத்தின் முகப்பில் ஒரு கிண்ணம் செதுக்கியிருக்கிறது. பூசையில் திராட்சை இரசக் கிண்ணம் குருமாருக்கு மட்டும் அல்ல, எல்லாச் சனத்துக்கும் வேண்டும் என்று கேட்டதுதான் அவர்கள் முன்னோரின் சண்டை. அதனால் கிண்ணமே அவர்கள் அடையாளம். 1753 இல் கட்டிய அந்தப் பள்ளிக்கூடம் இன்று சின்ன அருங்காட்சியகம். 1849 தீயில் கிராமத்தின் பெரும்பகுதி எரிந்தது. பிறகு கட்டிய கொட்டில்களும் முற்றங்களும் வீட்டுத் தோட்டங்களும்தான் இன்று நாம் பார்ப்பவை. பக்கத்தில் கொமேனியுஸ் தோட்டம். கொமேனியுஸ் ஹுஸ் வழிவந்த சகோதர சபையின் ஆயர், நாடுகடந்து வாழ்ந்தவர், 1658 இல் பிள்ளைகளுக்குப் படம் போட்டுப் பாடநூல் எழுதியவர். அவர் சிலையை 1992 இல் செக்கோஸ்லோவாக்கியா அன்பளிப்பாக அனுப்பியது.

எனக்குப் பிடித்த இடம் அவர்களுடைய இடுகாடு. அதன் ஜேர்மன் பெயருக்குக் கடவுளின் வயல் என்று பொருள். வந்தவர்கள் மூன்று சபைகளாகப் பிரிந்ததால் இடுகாட்டிலும் மூன்று பகுதி. சகோதர சபைப் பகுதியில் கற்கள் எல்லாம் நிலத்தோடு படுத்திருக்கின்றன. பணக்காரனுக்கு உயரமாக, ஏழைக்குத் தாழ்வாக என்று கிடையாது. குனிந்து பாசியைத் துடைத்தால் சில பழைய கற்களில் செக் எழுத்து. நூறு ஆண்டுக்கு மேல் ஜேர்மனியர் நடுவில் இருந்துகொண்டே வீட்டிலும் வழிபாட்டிலும் தங்கள் மொழியை வைத்திருந்தார்கள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் பேரனை இழுத்துக்கொண்டு போகிற எனக்கு அந்தக் கற்களைக் கடந்து போக முடிவதில்லை.

அந்தச் சபையில் இன்னொரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் தன் வாழ்க்கைக் கதையைத் தானே எழுதி வைப்பார். அடக்கம் செய்கிற அன்று அதை எல்லோர் முன்னும் வாசிப்பார்கள். எந்த ஊரில் பிறந்தேன், எந்த இரவில் எல்லை கடந்தேன், யாரை விட்டுவிட்டு வந்தேன் என்று உழவரும் நெசவாளரும் எழுதிய அந்தத் தாள்கள் இன்றும் பேணப்படுகின்றன. எங்களோடு ஹைமில் இருந்தவர்களில் ஏழெட்டுப் பேர் போய்விட்டார்கள். ஒருவர் கதையும் எழுத்தில் இல்லை.

ரிக்ஸ்டோர்ஃபிலிருந்து தெற்கே போனால் பிரிட்ஸ். தெல்டோ மாவட்டமே வெட்டி 1906 இல் திறந்த தெல்டோ கால்வாய் இங்கே குறுக்கே ஓடுகிறது. பிரிட்ஸ் மாளிகை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பண்ணை வீடு. குதிரையும் எருதும் கட்டிய தொழுவத்தில் இப்போது நொய்கெல்ன் அருங்காட்சியகம். ஊரின் கதையை 99 பொருள்களை வைத்துச் சொல்கிறார்கள். அந்தப் பண்ணையை 1924 இல் நகரம் வாங்கியது. அதன் வயல்மேல் 1925 முதல் கட்டிடக் கலைஞர்கள் புரூனோ டவுட்டும் மார்ட்டின் வாக்னரும் எழுப்பியதுதான் நான் முதலில் சொன்ன குடியிருப்பு: லாடக் குடியிருப்பு.

பெயருக்கு ஏற்றபடி குதிரை லாடம்போல 350 மீட்டர் வளைகிறது கட்டிடம். நடுப் பள்ளத்தில் பனிப்பாறைக் காலத்திலிருந்தே இருக்கிற ஒரு குளம். அதைத் தூர்க்காமல், அதைச் சுற்றியே வீட்டை வளைத்தார்கள். வடக்கே தொழிலாளர் குடும்பங்கள் வெயில் படாத பின்முற்ற அறைகளில் நெருங்கிக் கிடந்த காலம் அது. இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் குளியலறை, திறந்த மாடம், கண்ணுக்கு எட்டிய தூரத்தில் பச்சை. டவுட் வண்ணத்தையும் கட்டிடப் பொருளாகவே நினைத்தவர்; கதவுக்குக் கதவு நிறம் மாறும், நீலமும் காவியும் மஞ்சளும் சிவப்பும். மாலை வெயிலில் அந்தச் சிவப்புச் சுவர் வரிசையைப் பாருங்கள். கோயிலிலிருந்து நடந்தே போகலாம்.

இன்னும் கொஞ்சம் தெற்கே 1866 ஆம் ஆண்டுக் காற்றாலை. தன்னார்வலர்கள் ஆலைத்தொழில் படித்து அதை ஓட்டுகிறார்கள். காற்று அடித்தால் இன்றும் தானியம் அரைக்கும். பக்கத்தில் பிரிட்ஸ் பூங்கா. மதிலுக்குள் அடைபட்டு, நாட்டுப்புறம் போக வழியில்லாத மேற்கு பேர்லின் சனத்துக்காக 1985 தோட்டக் கண்காட்சியோடு திறந்தது. நாங்களும் அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பினோம். புக்கோவில் வயல்கற்களால் கட்டிய 13ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் இருக்கிறது. ரூடோவில் போர் இடிபாட்டைக் கொட்டி எழுப்பிய குன்றில் ஏறினால் தெற்கே கிராமங்கள் தெரியும். இரண்டுக்கும் நடுவில், வயல்வெளியாக இருந்த இடத்தில், 1962 முதல் எழும்பிய குரோப்பியுஸ் நகரின் அடுக்குமாடிகள்.

இவ்வளவும் இருக்கிற ஊரை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் வயிறு எரிகிறது. ரிச்சார்ட்பிளாட்ஸைச் சுற்றி நடைபாதையில் பழைய மெத்தையும் உடைந்த சோபாவும் வாரக்கணக்கில் கிடக்கின்றன. பெரிய தெருவில் நெரிசல் என்றால் கார்கள் எல்லாம் கிராமத்துக்குள் புகுந்து அந்தக் கருங்கல்மேல் தடதடத்து ஓடுகின்றன. பொஹீமிய அருங்காட்சியகம் வாரத்தில் சில மணிநேரமே திறந்திருக்கிறது. வயதான தன்னார்வலர்கள் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. வாடகையைச் சொல்லவே வேண்டாம். இருபது ஆண்டு இருந்த வீட்டை எங்கள் குடும்பம் விட்டது, கைமாறிய கட்டிடத்தில் புது உரிமையாளர் கேட்டதைக் கொடுக்க முடியாமல்தான். மூலைக்கடையில் கொத்தமல்லியும் வெண்டிக்காயும் விற்றவர் போனார், அந்த இடத்தில் இரவு விடுதி வந்தது. அகதிகளும் சேர்ந்து எழுப்பிய ஊரில் இன்றைய அகதிக்கு ஓர் அறை எடுக்க வழியில்லை.

நம்மவர்மேலும் எனக்குக் குறை உண்டு. பிரிட்ஸில் முருகன், ஹாசன்ஹைடேயில் பிள்ளையார் என்று இரண்டு கோயிலை இந்த ஊருக்குள் வைத்திருக்கிறோம். ஆனால் இந்த ஊரைப் பற்றித் தமிழில் ஒரு துண்டுத் தாள்கூட நாங்கள் போடவில்லை. பிள்ளைகளை விடுமுறைக்குப் பாரிஸ், லண்டன் என்று கூட்டிப் போகிறோம். ஓர் அகதிக் கூட்டம் கிட்டத்தட்ட மூன்று நூற்றாண்டுக்கு முன் வந்து வேர்விட்ட இடத்தை ஒருநாளும் காட்டவில்லை.

அடுத்த திருவிழாவுக்கு வருகிறவர்கள் இரண்டு மணிநேரம் முந்தி வாருங்கள். பிள்ளைகளோடு லாடக் குடியிருப்பைச் சுற்றி வாருங்கள். பிறகு பிளாஷ்கோ அலே நிலையத்தில் ஊ7 சுரங்க ரயிலில் ஏறினால் வடக்கே மூன்றாவது நிறுத்தம் கார்ல் மார்க்ஸ் தெரு. இறங்கி யாரிடமாவது ரிச்சார்ட்பிளாட்ஸ் என்று கேளுங்கள், சில நிமிட நடைதான்.