லைட்டரும் லைசென்ஸும்

பெரிய மார்க்கெட்டில் கேஸ் லைட்டர் வாங்கும்போது நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான். நாலைந்து முறை 'டிக் டிக்' என்று அழுத்தி, பொறி வருகிறதா என்று பார்ப்போம். பேட்டரி கிடையாது. உள்ளே பீங்கான் மாதிரி ஒரு சின்னத் துண்டு. அதன்மேல் அடி விழுந்ததும் ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பும். பாரிஸில் 1880-ல் இந்தப் பீசோ மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர்கள் ழாக், பியேர் என்ற கியூரி சகோதரர்கள். அப்போது நம்ம ஊரும் பிரெஞ்சுக்காரர் கையில்தான்! மறுவருடமே லிப்மன் கணக்குப் போட்டுச் சொன்னார்: மின்சாரம் கொடுத்தால் துண்டு நீளவும் வேண்டும் என்று.

என் தங்கை பேத்தி எம்.டெக். படிக்கிறாள். இதே பொருளில், மைக்ரான் கணக்கில், அதிர்ந்தால் மின்சாரம் தரும் பட்டை அவளுடைய ப்ராஜெக்ட். செய்து பார்க்க வசதி இல்லை, கம்ப்யூட்டரில்தான்.

"தாத்தா, காம்சோலா, ஆன்சிஸா? ஆறு மாசம்தான் இருக்கு."

அவள் அப்பா கல்விக் கடன் கட்டுகிறவர். சொந்தமாக லைசென்ஸ் வாங்கும் பேச்சே வேண்டாம் என்றேன். ஒரு காலத்தில் மத்திய அரசுத் திட்டத்தில் பல கல்லூரிகளுக்கு இந்த மாதிரி மென்பொருள்கள் கொடுத்தார்கள்; சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழகத்திலும் அப்படி ஒரு மையம் இருந்தது. இரண்டுமே பீசோ கணக்கை இருபக்கமும் போடும். ஆகவே எது பக்கத்தில் இருக்கிறது, கேட்டால் சொல்லித்தர யார் இருக்கிறார்கள், அவ்வளவுதான் பார்க்கணும். அவள் கல்லூரியில் இருந்தது ஆன்சிஸ்.

ஆனால் லைட்டரை அழுத்திப் பார்ப்பதுபோல் இதையும் பார்க்கச் சொன்னேன். பி.இசட்.டி-5ஏ என்ற பொருளில் ஒரு கனசதுரம். மேலும் கீழும் 10 வோல்ட் கொடுத்தால் 3.74 நானோமீட்டர் நீளவேண்டும். தடிமன் எதுவானாலும் அதே விடை; காகிதத்தில் ஒரு பெருக்கல்தான். பக்கவாட்டில் கொடுத்தால் 5.84 சாயவேண்டும்.

முதல் விடை சரியாக வந்தது. இரண்டாவதில் கனசதுரம் வேறு பக்கம் சாய்ந்தது! காரணம் சுவாரசியமானது. புத்தகங்களில் சறுக்கு எண்கள் yz, xz, xy என்று வரும். ஆன்சிஸ் கேட்பது xy, yz, xz. அப்படியே பார்த்து எழுதினால் எண் இடம் மாறி உட்கார்ந்துவிடும். மென்பொருள் ஒரு எச்சரிக்கையும் தராது, அழகான வண்ணப்படம் மட்டும் தரும்.

வரிசையை மாற்றி 5.84 வந்ததும் போன் பண்ணினாள். பட்டையை இந்த வாரம்தான் ஆரம்பித்திருக்கிறாள். லேப் மாலை ஐந்து மணிக்கு மூடிவிடுகிறார்கள் என்பதுதான் இப்போதைய புலம்பல்.